கால்சட்டைக் கோயிலின் வரைபடம்

தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் வேலை செய்யும்போது கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: "கிறிஸ்தவத்தில்தான் சாதி கிடையாதே, அப்புறம் எதற்குத் தனித்தனிக் கல்லறை?" அந்தக் கேள்விக்குப் பதிலாக நாங்கள் அவர்களை ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொல்வோம். 2019 நவம்பர் வரை தென்காசியும் அந்த ஊரும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ஊர் வடக்கன்குளம். மாவட்டத்தின் தென்கோடியில், காற்றாலைகள் சுற்றும் இராதாபுரம் வட்டாரத்தில் இருக்கிறது. கோயில், திருக்குடும்ப ஆலயம்.

1872இல் எழுந்த இந்தக் கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்றொரு பட்டப்பெயர் உண்டு. பூசை காண மக்கள் கூடும் நீளமான கூடம் வழக்கமாக ஒன்றுதான் இருக்கும். இங்கே இரண்டு. இரண்டும் கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து கிடக்கின்றன; இடுப்பு சேரும் இடத்தில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார்கள். நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மற்றக் கூட்டத்தின் முகம் தெரியாது.

எந்தக் கொத்தனாரும் தற்செயலாக இப்படிக் கட்டிவிட முடியாது. யாரோ உட்கார்ந்து, தாளில் கோடு போட்டு, அளவு குறித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். சாதி மனதில் இருப்பது, படித்தால் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரைபடத்தைக் காட்டுங்கள். இங்கே அது செங்கலும் சுண்ணாம்புமாக நின்றது.

இத்தனைக்கும் இது சாதாரண ஊர் இல்லை. நாயர் சாதியில் பிறந்த நீலகண்டன், தேவசகாயம் என்ற பெயரில் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் தரும் முன், பெயரின் பின்னால் இருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. ஒரு வாலை நறுக்கவே அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சேசு சபையினர் இரண்டு கால் வைத்துக் கட்டியது ஏன்? நீண்ட பழக்கம்தான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியைப் போல வாழ்ந்து உயர்சாதியினரிடம் மறை பரப்பினார். ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமிகள் எனத் தனிக் குருக்கள் பின்னால் வந்தார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஓர் ஆணை விட்டார். எந்தக் குலத்தவரானாலும் ஒரே கோயிலில், ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும் என்றார். அதே ஆணையில், பறையர்களுக்கென்று தனிக் குருக்கள் என்ற சேசு சபையின் யோசனையையும் ஏற்றுக்கொண்டார். இப்போது கால்சட்டைக் கோயிலை மறுபடி பாருங்கள். ஒரே கூரை, ஒரே பீடம், ஒரே பூசை. போப்பின் ஆணை எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டது!

ஆணை வந்த மறு ஆண்டே புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அங்கே சம்பா கோயிலில் பறையர்களைப் பிரித்து ஒரு சுவர். அம்மக்கள் சாமியாரிடம் நேரடியாகப் போய் முறையிட்டார்கள், சுவர் இடிந்தது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. வடக்கன்குளத்துச் சுவர் விழுவதற்கு 165 ஆண்டுகளுக்கு முன்பே தலித் மக்கள் ஒரு கோயில் சுவரைப் பேசியே இடித்திருக்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் இது கிடையாது.

வடக்கன்குளத்தில் 1910இல் கௌசானல் சாமியார் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பழைய வழக்கம், தீட்டு என்று வாதாடினார்கள். 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்று சட்ட இதழ்களில் பதிவாகியிருக்கும் அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயும் தோற்றார்கள். ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரால் தீட்டாகிறேன் என்று சொல்லி நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சட்டம் படிக்கிற தோழர்கள் தேடி வாசிக்க வேண்டும்.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது ஒன்றைத் தள்ளிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. வழக்கின் ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் திருச்சபை, அதன் பின்னால் நாடார்கள். பக்கத்துத் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் போராடி 1859இல் அரச ஆணை பெற்ற சமூகம் அது. எண்ணிக்கை, வியாபாரம், படிப்பு எல்லாம் கைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் சுவர் விழுந்தது. தலித் மக்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. வரைபடத்தில் இரண்டு கால்கள்தான். மூன்றாவது கால் கிடையாது.

எறையூரில் இதே கேள்வி வேறு விதமாக வந்தது. வன்னியக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்த ஊரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் சுட்டதில் இரண்டு வன்னியர்கள் செத்தார்கள். சுவரை இடி என்பதா, தனிக் கோயில் கொடு என்பதா? இரண்டும் எப்படி ஒரே கோரிக்கையாகும் என்று மாணவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். சேர்ந்து நிற்கும் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் தனியாக நிமிர்ந்து நிற்கக் கேட்பது ஒதுங்குவது ஆகாது என்பது எங்கள் கருத்து. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தத் தெருவில் இருப்பவர்கள், நாம் இல்லை.

2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையின்படி நாட்டிலுள்ள 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். திருச்சபைக்குள் இத்தனை பேர். வெளியே, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை.

உங்கள் ஊர்க் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். எந்த வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது, திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறையில் பாதை எங்கே முடிகிறது என்று வரைந்து பாருங்கள். கல்லறையை விட்டுவிடாதீர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து நின்ற சுவரை உடைக்க 2010இல் பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள் கடப்பாரையோடு போனார்கள். வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து அப்போது சரியாக நூறு ஆண்டு.