விழுப்புரம் சந்திப்பும் கணிப்பொறி வலையும்



2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையால், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப் பாதையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாயக் குறியைக் கடந்தது. பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எனினும் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, காட்பாடி வழியாகவும் சென்னையை அடையலாம். திருச்சிக்கோ, விருத்தாசலம் வழியாக ஒரு பாதை, மயிலாடுதுறை, தஞ்சை வழியாக மற்றொரு பாதை. ஒரு வழி அடைபட்டால் மறு வழி திறந்திருப்பதே சந்திப்பின் சிறப்பாகும்.

கணிப்பொறி வலையின் வரலாறும் இக்கருத்திலேயே தொடங்குகிறது. முற்காலத் தொலைபேசியில் இருவர் பேசி முடியும்வரை ஒரு தடம் அவர்களுக்கே உரியதாக இருந்தது. நடுநிலையம் அழிந்தால் ஊரே ஊமையாகும். போர்க்காலத்திலும் செய்தி நில்லாதிருக்க வழி தேடிய அமெரிக்கர் பால் பாரன், 1964-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் அவ்வேளையில் திறந்துள்ள வழியில் அனுப்புக என்பதே அது. இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் தனித்து ஆராய்ந்து அதே முடிவை எய்தி, அத்துண்டுக்குப் 'பொட்டலம்' என்று பொருள்படும் பெயரை இட்டார். இம்முறையைக் கொண்டு அமைந்த ஆர்ப்பாநெட் வலையில் 1969 அக்டோபர் 29 அன்று முதற்செய்தி சென்றது. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்குகொண்டது. 1995 ஆகஸ்டு 15 அன்று இணையம் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

ஒவ்வொரு பொட்டலமும் சேருமிடத்தின் முகவரியைத் தாங்கிச் செல்கிறது. வழியிலுள்ள ரூட்டர் என்னும் கருவி அதனைப் படித்து அடுத்த பாதையைக் காட்டுகிறது. சேருமிடத்துக் கணிப்பொறி, பொட்டலங்களை வரிசை எண்படி அடுக்கி, பெற்றதற்கு ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வாராததை அனுப்பியவர் மீண்டும் அனுப்புவர்.

இந்நல்ல விதியே ஒருமுறை கேடாயிற்று. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் சுமார் 400 கஜத் தொலைவிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே, வினாடிக்கு 32,000 பிட் அளவில் ஓடிய செய்தி 40 பிட்டாகச் சுருங்கியது. ஒப்புகை தாமதித்தவுடன் கணிப்பொறிகள் யாவும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கியதே காரணம். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது மாலை மணி அடித்ததும் நாள்தோறும் கண்ட காட்சிதான் இது: எல்லா வகுப்பினரும் ஒருங்கே வாயிலை முட்டினால் எவரும் வெளியேற இயலாது.

வான் ஜேகப்சன் என்பார் 1988-இல் இதற்குப் பரிகாரம் வெளியிட்டார். முதலில் சிறிதளவே அனுப்புக. ஒப்புகை வரவரக் கூட்டுக. பொட்டலம் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள்க. மேலிருந்து ஆணையிடுவார் எவருமின்றி, அனுப்பும் கணிப்பொறியே இவ்வடக்கத்தை மேற்கொள்கிறது. இம்முறையின் வழிவந்தவையே இன்றும் இணைய நெரிசலைத் தணிக்கின்றன. மாற்றுப் பாதைகள் எத்தனை இருப்பினும், செல்வோரிடம் அடக்கம் இல்லையேல் அவை அனைத்தும் அடைபடும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.