தோலிற் காணுங் குறியும் குலவழி வரும் நோயும்

உடலகத்தே மறைந்துள்ள நோயைப் புறத்தே தோன்றும் குறிகளைக் கொண்டு உய்த்துணர்தல் மருத்துவக் கலையின் தொன்மையான நெறியாகும். அந்நெறி இருபதாம் நூற்றாண்டிலும் புதுப்பயன் தந்தமைக்கு, தோலில் எழும் சில சிறு கட்டிகளின் வரலாறு சான்று பகர்கின்றது. அவ்வரலாறு இரு கிளைகளாகத் தோன்றிப் பின்னர் ஒன்றாயிற்று.

முதற்கிளை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தொடங்கியது. 1895 ஆம் ஆண்டில் ஆன் ஆபர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நோயியல் அறிஞராக விளங்கிய அல்ட்ரெட் ஸ்கொட் வார்தின் என்பாரிடம், தையல் தொழில் புரிந்த பெண்ணொருத்தி தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் இறந்தனர் என்றும், தனக்கும் அதுவே முடிவாகும் என்றும் கூறினாள். அவள் அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் இளமையில் மாண்டாள். வார்தின் அவள் சொல்லைப் புறக்கணித்தாரல்லர். அக்குடும்பத்தின் தலைமுறைகளை ஆராய்ந்து 1913 இல் வெளியிட்டார். ஆயினும் அவர் கருத்து நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. நெபிராஸ்கா மாநிலத்து ஹென்றி லிஞ்ச் என்னும் வைத்தியர் 1966 இல் இத்தகைய இரு பெருங் குடும்பங்களைப் பற்றி எழுதினார். வார்தின் கண்ட குடும்பத்தையும் மீள ஆராய்ந்து 1971 இல் வெளியிட்டார். பெருங்குடல், கருப்பை முதலிய உறுப்புகளில் இளவயதிலே புற்றுநோய் விளைக்கும் இக்குலவழிக் குறைபாடு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இரண்டாங்கிளை தோல் பற்றியது. 1967 இல் இலண்டன் சத்திரவைத்தியர் மியூரும் அவர்தம் துணைவரும், பெருங்குடல், முன்சிறுகுடல், குரல்வளை ஆகியவற்றிற் புற்றுநோய் கண்ட நோயாளி ஒருவரின் முகத்திற் கட்டிகள் பல எழுந்திருந்தமையைக் குறித்தனர். மறுஆண்டில் நியூயோர்க் நகரத்துத் தோல்நோய் வைத்தியர் டொறே, நெய்ச்சுரப்பிக் கட்டிகள் பலவும் உள்ளுறுப்புப் புற்றுநோய்களும் ஒருங்கே கொண்ட மற்றொருவரை எடுத்துரைத்தார். 1981 இல் லிஞ்சும் அவர்தம் குழுவினரும் இவ்விரு கிளைகளையும் இணைத்துக் காட்டினர்.

இணைப்பின் காரணம் 1993 இல் வெளிப்படத் தொடங்கிற்று. ஏடு பெயர்த்தெழுதுங்கால் நேரும் பிழைகளை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவார் உளராதல் போல, கலங்கள் பெருகும்போது பரம்பரைப் பொருளில் நேரும் பிழைகளைத் திருத்தும் பரம்பரையலகுகள் உள. அவற்றுள் ஒன்று பழுதுறின் பிழைகள் மலிந்து புற்றுநோய்க்கு வழி திறக்கும். அவ்வாண்டிற் கண்டறியப்பட்ட எம்எஸ்எச்2 என்பதே அத்தகைய அலகுகளுள் முதன்மையானது. தையற்பெண்ணின் குடும்பத்திலும் அவ்வலகே பழுதுற்றிருந்தமை 2000 ஆம் ஆண்டிற் புலனாயிற்று. அவள் கூறியது வீண் அச்சமன்று என்பதை விஞ்ஞானம் உறுதிப்படுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இக்கட்டிகள் பெரும்பாலும் முகத்தில், சிலவேளை இமையில், மஞ்சள் சாயலுடன் சிறு முடிச்சுகளாகத் தோன்றும். நோவு தருவதும் அரிது. பல ஒருங்கே எழுதலும், இளவயதில் எழுதலும், முகமுங் கழுத்தும் தவிர்ந்த இடங்களில் எழுதலும் ஐயத்தை வலுப்படுத்துவன. முதியோர் முகத்திற் பரவலாகக் காணப்படும் நெய்ச்சுரப்பி வீக்கங்கள் இவ்வகையின அல்ல. ஆதலின் கட்டியின் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த பின்னரே முடிவு கூறல் தகும். குடும்பத்தில் யார் யார் எவ்வயதில் எந்நோயால் இறந்தனர் என வினவுதலும் இன்றியமையாதது.

ஏனெனில், பழுதுற்ற அலகு பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்புச் சரிபாதியாகும். ஒருவர் முகத்திற் கண்ட குறி உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் எச்சரிக்கையாகின்றது. அவ்வெச்சரிக்கை பயன்தருவதே. பின்லாந்தில் இத்தகைய குடும்பத்தினரை 15 ஆண்டுகள் கவனித்து 2000 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாண்டுக்கொருமுறை பெருங்குடலை உள்நோக்கிப் பரிசோதித்தமையால் பெருங்குடற் புற்றுநோய் பாதிக்கு மேற் குறைந்தது எனக் காட்டிற்று. இன்று அப்பரிசோதனை இன்னும் குறுகிய கால இடைவெளியில் விதிக்கப்படுகின்றது.

தையற்பெண்ணுக்குத் தன் விதி தெரிந்திருந்தது; அதனை விலக்கும் வழி ஒருவர்க்கும் தெரிந்திலது. இன்று வழி தெரிகின்றது. குறியை நோக்கும் கண்ணும், நோயாளி கூறும் குடும்ப வரலாற்றைப் பொறுமையுடன் கேட்கும் செவியும் வைத்தியர்க்கு வாய்த்தலே வேண்டுவது.