குடலும் குருதிக்குழாயும்: ஒரு நோயின் வரலாறு

கடும் வயிற்றுவலியோடு வரும் வளர்ந்தவரொருவரின் வயிற்றைக் கீறுவதா, பொறுத்திருப்பதா என்னும் வினா சத்திரவைத்தியர்க்கு இன்றும் எளிதன்று. அவ்வலி குடற்சுவரிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்களின் அழற்சியாலும் உண்டாகலாம் என்பது தெளிவாவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது.

இந்நோயின் பழைய சித்திரமொன்றை இலண்டன் வைத்தியர் ஹெபர்டன் தந்துள்ளார். அவர் மறைந்தபின் 1802இல் வெளிவந்த நூலிலே, ஐந்து வயதுச் சிறுவனொருவனுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் கண்டன. மலத்திலும் சிறுநீரிலும் குருதி தோன்றியது. காலெங்கும் செம்புள்ளிகள் நிறைந்தன எனக் குறிக்கப்பட்டுள்ளது. 1837இல் ஜேர்மனியரான ஷோன்லைன் புள்ளிகளையும் மூட்டுநோவையும் இணைத்துக் கூறினார். அவர்தம் மாணாக்கர் ஹெனொக் 1868இல் வயிற்றுவலியையும் குருதிக்கழிச்சலையும் அவற்றோடு சேர்த்தார். பின்னையோர் நோய்க்கு இவ்விருவர் பெயரையும் சூட்டி ஹெபர்டனை மறந்தமை நன்றியறிதலன்று.

ஹெனொக் பேர்லினில் எழுதிய அக்காலத்திலேயே நம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத் தக்கது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார்; 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இங்கிலிசு கற்றவர் உத்தியோகம் நாடி வெளியேறுவர், தமிழிற் கற்றவரோ கிராமத்திற்குப் பயன்படுவர் என்பது அவர் துணிபு. இரணவைத்தியம் 1867இலும் வைத்தியாகரம் 1872இலும் வெளிவந்தன. குடலின் அமைப்பையும் சத்திரமுறையையும் தமிழில் விளக்கும் ஆற்றல் அன்றே நம்மிடம் இருந்தது. இன்று அது வேண்டுமோ என வாதிடுவோரைக் காணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

கனடாவிற் பிறந்த ஒஸ்லர் 1895 முதல் 1914 வரை எழுதிய கட்டுரைகளிலே, இவ்வயிற்றுவலி சத்திரத்துக்குரிய நோய்போல மயக்குவதை எடுத்துக்காட்டினார். சிலரில் வலி முந்தும், புள்ளி பிந்தும். மயக்கம் அங்கேதான் பிறக்கின்றது. இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் புரதம் குழாய்ச்சுவரிற் படிதல் 1960களின் பிற்பகுதியில் அறியப்பட்டது. 2012ஆம் ஆண்டின் திருத்திய பெயரீடு நோயை அப்புரதத்தின் பெயராலேயே வழங்கியது.

இது பெரும்பாலும் சிறுவர்க்கு வருவது. வளர்ந்தவரிடம் அரிதாயினும் கடுமை மிக்கது. சிறுநீரகமும் மிகுதியாய்ப் பழுதுறும். குடற்சுவர் வீங்கிக் குருதி கசியும். குருதியோட்டம் தடைப்பட்ட பகுதி அழுகித் துளைபடுதலும் உண்டு. துளைபட்டவிடத்துச் சத்திரமே கதி. தாமதம் உயிரைக் கவரும். அழற்சி மட்டுமாயின் கத்தி வேண்டுவதில்லை. கோட்டிசோன் வகை மருந்து வலியைத் தணிக்கும். ஆயின் துளைபட்டமைக்குரிய குறிகளையும் மறைத்துவிடும். ஆதலால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் முழங்காலின் கீழும் நோக்குகின்றனர். இன்று புள்ளி இல்லையெனின் நாளையும் நோக்குகின்றனர்.