மெதுவாக ஓடலாம் என்று யார் சொன்னது?

ஓட்டம் மனிதனுக்குப் புதுசு இல்லை. ஆனால் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், துரத்த ஆளும் இல்லாமல் பிடிக்க பஸ்ஸும் இல்லாமல், மூச்சு முட்டாத வேகத்தில் சும்மா சந்தோஷத்துக்காக ஓடுவது? அந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவி அறுபது வருஷம் சொச்சம்தான் ஆகிறது. பரவிய இடங்களில் முக்கியமானது நியூசிலாந்தின் ஆக்லாந்து.

ஆர்தர் லிடியார்டு (1917–2004) அங்கே ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரக்பி ஆடுபவர், அதனால் உடம்பு நல்லா இருக்குன்னு நினைத்துக்கொண்டிருந்தார். 1940களில் ஒருநாள் நண்பரோடு 5 மைல் ஓடியதில் நாக்குத் தள்ளிவிட்டது. இப்பவே இப்படின்னா, இன்னும் இருபது வருஷத்தில் என்ன ஆவேன்? அந்தப் பயம்தான் ஆரம்பம்.

அன்றைய ஓட்டப் பயிற்சியில் செல்வாக்காக இருந்தது, மைதானத்தில் குறுகிய தூரத்தைத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடும் முறை. லிடியார்டு பல வருஷம் தன் உடம்பிலேயே சோதனை செய்து வேறு முடிவுக்கு வந்தார். முதலில் நீண்ட தூரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். அந்த அடித்தளம் உறுதியான பிறகுதான் கடுமையான வேகப் பயிற்சி.

பலன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தெரிந்தது. அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது அடுத்து நடந்தது. சாம்பியன்களுக்குச் சொன்னதையே லிடியார்டு சாதாரண ஆட்களுக்கும் சொன்னார். மாரடைப்பு வந்தவர்களைப் படுக்கையில் வைத்தே பார்த்துக்கொண்ட காலம் அப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் இதய நோயாளிகளும் சேர்ந்து ஓடிய ஒரு ஜாகிங் கிளப் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் உருவானது. போட்டி கிடையாது. பேச முடியவில்லையா, வேகத்தைக் குறை. அவ்வளவுதான் சட்டம்.

1962 கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அங்கே வந்தார். வயசு 51. கூட்டத்தோடு ஓடப் போனவர் சீக்கிரமே பின்தங்கிவிட்டார். அவருக்காக வேகத்தைக் குறைத்துக் கூடவே வந்தவர் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். அவரும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்! பயிற்சியாளருக்கே பாடம்.

ஊர் திரும்பிய போவர்மேன் யூஜீன் நகர மக்களை ஓட அழைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பெருகியதும், இவ்வளவு பேரைச் சும்மா ஓடவிடலாமா என்ற கவலை வந்தது. வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து, நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் திட்டத்தை வகுத்தார். 1967இல் இருவரும் எழுதிய 'ஜாகிங்' புத்தகம் அமோகமாக விற்றது. தன் வீரர்களுக்கும் அவர் வைத்திருந்த விதி இதுதான்: ஒருநாள் கடுமையாக ஓடினால் மறுநாள் லேசாக. ஓய்வில்தான் உடம்பு தேறும் என்பது கணக்கு.

பிறகு அவர் பங்காளியாக இருந்த ஷூ கம்பெனி நைக்கி ஆனது, மாரத்தான் மோகம் வந்தது, கைக்கடிகாரம் வேகத்தைச் சொல்ல ஆரம்பித்தது. வலிச்சால்தான் பலன் என்ற பேச்சும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலருக்கு ஓட்டம் அறிமுகமானதே தண்டனையாகத்தான், இல்லையா? அதனால் வலி அதன் விலை என்று நம்புவது சுலபம். ஆனால் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவரே அப்படிச் சொல்லவில்லை. முழங்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மற்ற நாட்களில் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிப் பாருங்கள். வாக்கியம் முழுசா வந்தால் வேகம் சரி.