டூயிங் த ரவுண்ட்ஸ்

வதந்தியோ ஜோக்கோ காய்ச்சலோ ஆளுக்கு ஆள் பரவினால், அது ‘டூயிங் த ரவுண்ட்ஸ்’ என்பார்கள் ஆங்கிலேயர்கள். ‘ரவுண்ட்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். அடியில் இருப்பது சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் ‘ரோட்டா’. இரவில் காவலாளிகள் விழித்திருக்கிறார்களா, தூங்கிவிட்டார்களா என்று படை அதிகாரி ஒவ்வொரு காவலிடமாகப் போய்ப் பார்த்துவருவதுதான் பழைய ‘ரவுண்ட்ஸ்’. பிறகு பால்காரர், டாக்டர் எல்லோரும் ரவுண்ட்ஸ் போனார்கள், பேச்சும் கிளம்பிவிட்டது. 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் குவிமாடக் கட்டடத்தை வட்டமாகச் சுற்றியதால்தான் டாக்டர்களுக்கு இந்தச் சொல் வந்தது என்றொரு கதையும் உலவுகிறது. நம்புவதற்கில்லை, சொல் அதைவிட மூத்தது. அமெரிக்கர்கள் வாயில் இதே தொடர் பெரும்பாலும் ‘மேக்கிங் த ரவுண்ட்ஸ்’.