சுணைக் காலமும் வெட்டிவேர் தட்டியும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.சி. மெக்கானிக் நான். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே பேச்சு: "தம்பி, கூலிங்கே இல்ல. கேஸ் போயிடுச்சு போல." போய் முன்மூடியைத் திறந்தால் கேஸ் அப்படியே இருக்கும். ஃபில்டர் வலையில்தான் சாம்பல் நிறத்தில் படலம் கட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் அரிக்கும். அது நெல் சுணை, உமியின் மேல் இருக்கும் நுண்ணிய முடி.

டெல்டாவில் சுணைக்கு வயது நெல்லின் வயது. அது வீட்டுக்குள் குடியேறியதுதான் நம் காலத்துச் சங்கதி. முன்பெல்லாம் அரிவாளால் அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், மாடு விட்டுப் போரடித்தார்கள், காற்று பார்த்துத் தூற்றினார்கள். களம் ஊருக்கு ஒதுக்குப்புறம். வேலை முடிந்தவர்கள் வாய்க்காலிலோ குளத்திலோ முழுகிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள்.

வீடும் அதற்குத் தோதாக இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். தூசியும் வந்த வேகத்திலேயே போகும். மிச்சத்தைத் துடைப்பம் பார்த்துக்கொண்டது. போகிக்கு ஒட்டடை அடித்து வெள்ளையடித்தால் ஒரு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது.

காற்றை வழியில் நிறுத்தி, எதன் ஊடாகவோ இழுத்து, குளிர வைத்து அறைக்குள் அனுப்பும் யோசனை கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியோடு பெருகியது. தஞ்சை நாட்டின் நிர்வாகம் 1799 ஒப்பந்தத்தோடு இரண்டாம் சரபோஜியிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அந்த ஆட்சியின் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் பங்கா ஆடியது. ஜன்னல்களில் வெட்டிவேர் தட்டி தொங்கியது. பங்காக் கயிற்றை இழுக்க ஓர் ஆள், தட்டிக்குத் தண்ணீர் ஊற்ற இன்னோர் ஆள். வடநாட்டில் இதை ஒரு படி மேலே கொண்டுபோய் 'தெர்மான்டிடோட்' என்ற பெட்டியைச் செய்தார்கள். மரப்பெட்டிக்குள் பெரிய விசிறிச் சக்கரம், பக்கங்களில் நனைத்த வெட்டிவேர் தட்டி, கைப்பிடியைச் சுழற்ற ஓர் ஆள். பெட்டியின் வாய் ஜன்னலுக்குள் நுழைந்திருக்கும். ஊதும் விசிறி, வடிகட்டும் தட்டி, காற்றை அறைக்குள் கொண்டுபோகும் வழி மூன்றும் அதிலேயே இருந்தன. இன்றைய டக்ட் ஏ.சி.க்குப் பாட்டன் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

தட்டியை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. காய்ந்தால் வெறும் வேர். ஓயாமல் நனைந்தால் அழுகும், பூஞ்சை பிடிக்கும், வாசனை நாற்றமாகும். கோடை தோறும் புதுத்தட்டி கட்ட வேண்டும். காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். கோடையில் தஞ்சாவூரில் வீசும் வறண்ட காற்றுக்கு அது எடுபடும். நாகப்பட்டினத்துக் கடல்காற்றுக்கு அவ்வளவாக எடுபடாது.

காற்றில் இருக்கும் ஈரத்தை அடக்கத்தான் 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் தன் ஏ.சி. இயந்திரத்தை வடிவமைத்தார். மனிதர்களுக்காக அல்ல, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்காமல் இருப்பதற்காக. ஒரே தத்துவத்தால் கட்டடத்தைக் குளிரவும் வைக்கலாம், சூடாக்கவும் செய்யலாம் என்று விஞ்ஞானி கெல்வின் 1852-லேயே எழுதியிருந்தார். பனி விழும் நாடுகளில் 'ஹீட் பம்ப்' என்று வீடு முழுக்கக் குழாய் போட்டு வைத்திருப்பது அதைத்தான். கனடாவில் பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த கும்பகோணத்துப் பெரியவர்கள், அங்கே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டைச் சட்டம் போட்ட ஃபில்டரை வீட்டுக்காரரே கழற்றிப் புதிது போடுவதை என்னிடம் ஆச்சரியத்தோடு சொல்வார்கள்.

இங்கே ஏ.சி. வீட்டுக்குள் வந்த காலமும் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்று. முற்றத்தை மூடித் தளம் போட்டோம். இயந்திரமோ சுணையை வயலிலேயே புகையாகக் கிளப்புகிறது. நெல் தார்ச்சாலையில் காய்கிறது. 1972-ல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையங்களில் தூற்றும் இயந்திரம் ஓடுகிறது. பக்கத்து வீடுகளின் ஃபில்டர் சீக்கிரம் அடைவது இருக்கட்டும். வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நாளெல்லாம் அங்கே மூட்டை தூக்குகிறவர்களின் நுரையீரலை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. அவர்களுக்கு நல்ல முகமூடி கொடுக்க வேண்டும்.

ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். காயிலுக்கு வெப்பம் போதாமல் அதன் மேல் ஐஸ் கட்டும். அந்த ஐஸ் உருகிச் சுவரில் தண்ணீர் வழியும். கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். இதற்குக் கேஸ் ஏற்றினால் காசுதான் போகும்.

கல்யாண மண்டபங்களிலும், இப்போது சில புது வீடுகளிலும் டக்ட் ஏ.சி. வைக்கிறார்கள். ஃபில்டர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கிறது. ஆள் கை விட வழியில்லாமல் சீலிங் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்ணில் படாத ஃபில்டரை யார் கழுவுவார்கள்?

போகிச் சுத்தம் சம்பா அறுவடைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஏ.சி.க்கு அது போதாது. குறுவை அறுத்த பிறகு ஐப்பசியில் ஒருமுறை, சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு மாசியில் ஒருமுறை, கோடையில் மாதம் இரண்டு முறை வலையைக் கழற்றுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் சட்டம் கோணிவிடும். மடிப்புக் காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதிது போட வேண்டும்; சட்டத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்கட்டும். வீடு கட்டுகிறவர்கள், சீலிங் அடிப்பதற்கு முன் ஃபில்டருக்கு நேர் கீழே ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள்.