ஐயப்பனும் ஒரு கானாப் பாட்டும்

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். காலை வேளையில் கஷாயத்துக்கும் தைலத்துக்கும் சீட்டு வாங்கி நிற்கும் கூட்டத்தில், அந்தப் பண்டிதர் யார் என்று யோசிக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். மூட்டு வலிக்காரனுக்குச் சரித்திரம் எதற்கு? நானும் முழங்கால் வலிக்காகப் போனவன்தான். வரிசை நீளமாக இருந்ததால் யோசிக்க நேரம் கிடைத்தது.

பண்டிதர் 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர், சித்த வைத்தியர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். தம் மக்களைச் சாதியற்றவர்கள் என்றே குறிக்க வேண்டும் என்று வாதாடினார். அந்தச் சொல் வெகு காலம் புத்தகங்களில் உறங்கிக் கிடந்தது. 2017-ஆம் வருஷக் கடைசியில் டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு அமைத்தபோது, அதையே இங்கிலீஷாக்கி 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர் வைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடந்தது. அந்தக் குழுவில் பிறந்த பாட்டுத்தான் 'ஐ ஆம் ஸாரி ஐயப்பா'.

அது என்ன வகைச் சங்கீதம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஹிப்-ஹாப் 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழை நீக்ரோக்கள் என்று அந்நாளில் உலகம் அழைத்த கறுப்பின மக்களின் கொண்டாட்டங்களில் பிறந்தது. கானா வடசென்னையின் சாவு வீடுகளில் இராத்திரி முழுக்கப் பாடப்பட்டு வளர்ந்தது. இரண்டிலும் வித்வத்தைவிட வாய்ச் சாமர்த்தியம்தான் முக்கியம். தாளத்தின் மேல் பேச்சு ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்காரர்கள் இந்த இரண்டையும் ராக் சங்கீதத்தோடு ஒரே மேடையில் ஏற்றினார்கள். ஐயப்பன் பாட்டைப் பாடியவர் இராயபுரத்துப் பெண் இசைவாணி. கானா அதுவரை ஆண்களின் சொத்து. 2020-இல் பி.பி.சி. உலகத்துப் பெண்கள் நூறு பேரின் பட்டியலில் அவரைச் சேர்த்ததற்கு அதுவே காரணம்.

பாட்டு உண்டான சந்தர்ப்பத்தைச் சொல்ல வேண்டும். பத்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் சபரிமலைக்குப் போகக் கூடாது என்பதை 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் ஊர்ஜிதம் செய்தது. 2018 செப்டம்பர் 28-இல் சுப்ரீம் கோர்ட்டு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், போகலாம் என்றது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி, ஐவரில் ஒரே பெண்ணான இந்து மல்ஹோத்ரா. நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால், 'ஜோடனை' என்று விமர்சகர்கள் சிரித்திருப்பார்கள்! கேரளத்தில் கலவரம் மூண்டது. 2019 நவம்பரில் விஷயம் பெரிய பெஞ்சுக்குப் போயிற்று.

அந்த அமளியில், நான் உள்ளே வந்தால் என்ன தப்பு என்று ஒரு பெண் சுவாமியையே நேரில் கேட்கிற மாதிரி பாட்டு அமைந்தது. கேள்வி ஐயப்பனிடம் ஆரம்பித்தாலும் அங்கேயே நிற்கவில்லை. பெண்களுக்கு ஊர் விதித்திருக்கும் மற்றக் கட்டுப்பாடுகளையும் இழுத்து வருகிறது. என் அபிப்பிராயத்தில் அந்தப் பின்பகுதி கொஞ்சம் பிரசங்கம். முதல் பகுதியின் குறும்புதான் பாட்டு. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே 'ஸாரி' என்பதில் பணிவும் இருக்கிறது, பரிகாசமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று தராசில் நிறுக்க முடியாது.

நிறுக்கத்தான் நிறுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், மாலை போடும் காலத்தில் பாட்டு மறுபடியும் கைப்பேசிகளில் சுற்றி வந்தது. பக்தர்களைப் புண்படுத்துகிறது, பாடகியைக் கைது செய்ய வேண்டும் என்று போலீஸில் புகார்கள் விழுந்தன. பிற மதத்தைப் பற்றி இப்படிப் பாடுவார்களா என்று கேட்டார்கள். பாடகிக்கு வசவுகள் வந்தன. 2018-இன் தீர்ப்பைச் சுற்றிய விவாதத்தில் பிறந்த பாட்டு இது, பெண்களின் உரிமையைப் பேசுகிறது என்று நீலம் அறிக்கை விட்டது. சங்கீதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளம் தப்பினால்கூட மன்னித்திருப்பார்கள் போலிருக்கிறது.

நம்பாதவர்களுக்கு ஐயப்பனைப் பாட என்ன பாத்தியதை என்ற கேள்வி மட்டும் என்னை உறுத்தியது. சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் 'ஹரிவராசனம்' இருக்கிறதே, 1975-இல் 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக அதற்கு மெட்டுப் போட்ட ஜி. தேவராஜன் நாஸ்திகர். பாடிய யேசுதாஸ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சுவாமி ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் எதிர்க் கட்சிக்காரர் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன்: அது சுவாமியைத் தூங்க வைக்கிற பாட்டு, இது எழுப்பி வைத்துக் கேள்வி கேட்கிற பாட்டு. இரண்டையும் ஒரே மாதிரி வரவேற்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சேலையூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் பதினெட்டாவது வருஷமாக மாலை போட்டிருந்தார். தென்னங்கன்றோடு மலை ஏற வேண்டிய வருஷம். மண்டலம் முழுக்க விடியற்காலை நாலு மணிக்கு முதலில் எரிவது அவர் வீட்டுச் சமையலறை விளக்கு. விரதம் அவருக்கு, குளித்துவிட்டு அடுப்பு மூட்டுவது அவருடைய சம்சாரம். மாதத்தில் மூன்று நாள் அந்த அம்மாள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

சண்டை நடந்த வாரம், துணி உலர்த்த மாடிக்கு வந்தவளிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. இவர்கிட்ட போட்டுக் காட்டிடாதீங்க அண்ணா, மாலையில இருக்கார்" என்றாள்.

"உனக்கு எப்படி அம்மா இருக்கிறது?"

துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அதுக்குள்ள முட்டி நல்லா இருக்கணும், அவ்வளவுதான். நீங்க போனீங்களே, சானடோரியம் ஆஸ்பத்திரி, அங்க தைலம் நல்லாக் கேக்குதா?"